முதுகில்லாத ஸ்பீக்கர்

“விஸ்வேஸ்வரன் சார் வீட்டுக்கு நான்தான் போவேன். ஸ்பீக்கரை நான்தான் தொங்கவிடுவேன்.”

கல்யாணராமன் சார் கையிலிருந்த சாயா கிளாஸைக் கவுண்டரில் வைத்தார். அவருடைய ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்: லீவு கேள், சம்பளம்கூடக் கேள், கஸ்டமர் வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் கேட்காதே. பின்னறையில் உட்கார்ந்து சால்டரிங் செய், போதும். வீட்டில் அப்பாவும் அதையேதான் சொன்னார். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எண்பத்திரண்டு ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, கேட்டுவிட்டேன்.

“நோக்கென்ன பைத்தியமா அங்கம்மா? அவா ஆத்துல நீ யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?”

“பி.எஸ்சி. பிசிக்ஸ்னு சொல்லுங்க.”

“அதையா கேப்பா?”

“வேற எதைக் கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

விஸ்வேஸ்வரன் தேயிலை ருசி பார்ப்பவர். கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருடம், நாளைக்கு இருநூறு கோப்பையை உறிஞ்சித் துப்பி, எது எந்தத் தரம் என்று சொன்னவர். ரிட்டயர் ஆனதும் லண்டனிலிருந்து கப்பலில் இரண்டு எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் வரவழைத்தார். மட்டாஞ்சேரியில் அதற்குமுன் யாரும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. பெட்டி கிடையாது, காந்தம் கிடையாது. ஜன்னல் கதவு அளவுக்கு ஒரு சட்டம். அதற்குள் இரண்டு ஓட்டைத் தகடு, நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். தாளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஏற்றினால் அந்தத் தாளே அசைந்து பாடும்.

அதை வைத்த இடம்தான் வினை. பஜார் ரோட்டில் அவர் வீடு மாடியில். கீழே சுக்குக் கிடங்கு. கிடங்கில் சுக்கைப் புடைக்கும் தூசி, தரைப் பலகைச் சந்து வழியாக மேலே ஏறும். மின்சாரம் ஏறிய தாள் தூசியைத் தானாக இழுத்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் ஸ்பீக்கர் பாடுவதை விட்டுவிட்டுப் பொரி பொரிக்க ஆரம்பித்தது.

கல்யாணராமன் சார் போய்ச் சரிசெய்தார். இருபது வருடமாகக் கோயில் உற்சவத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் மைக் செட் கட்டிப் பழகிய கை. இரண்டையும் தூக்கி, கூரையோரமாக மூலையில் தலைகுனிய மாட்டினார். தூசி போகாமலிருக்க இரண்டின் பின்பக்கத்தையும் பிளைவுட் வைத்து ஆணியடித்து மூடினார்.

“முதுகில்லாத ஸ்பீக்கர் எங்கேயாவது உண்டோ? வெள்ளைக்காரன் பாதி பண்ணி அனுப்பிச்சுட்டான்,” என்று கடைக்கு வந்து பெருமையடித்தார்.

கூட வந்த எட்டுப் பக்கப் புத்தகத்தை அவர் மடித்து ஆடுகிற மேசைக்காலுக்குக் கொடுத்திருந்தார். நான் அதை உருவி எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அந்தத் தாள் முன்னால் எவ்வளவு காற்றைத் தள்ளுமோ பின்னாலும் அவ்வளவே தள்ளும். பின்பக்கம் திறந்திருக்க வேண்டும், சுவரை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். முதுகை அடைத்தால் மூச்சை அடைத்த மாதிரி.

அப்படியேதான் ஆயிற்று; பாட்டில் அடித்தொனியே காணாமல் போயிற்று. விஸ்வேஸ்வரன் சார் போன் செய்தார். பின்னறை வரைக்கும் கேட்டது. “மிருதங்கக்காரனோட இடது கையை வெட்டிட்டேளா கல்யாணராமா? சனிக்கிழமை சாயங்காலம் கேப்பேன். தேறலைன்னா ரெண்டையும் மெட்ராஸுக்கு அனுப்பி வித்துடுவேன்.”

அப்போதுதான் நான் எழுந்து முன்னால் வந்து கேட்டேன்.

கல்யாணராமன் சார் மேலும் கீழும் பார்த்தார். கைவசம் வேறு யோசனை அவரிடம் இல்லை. “சரி. ஒண்ணை நீ தொங்கவிடு. ஒண்ணை நான். பை தூக்க வந்தவள்னுதான் சொல்லுவேன், வாயைத் திறக்கப்படாது. நீ தோத்தா பின்னறையும் கிடையாது.”

“ஜெயிச்சா?”

“ஜெயிக்கமாட்டே.”

அன்று ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒச்சப்பன் அந்தச் சுக்குக் கிடங்கில்தான் மூட்டை சுமக்கிறார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து இருபத்திரண்டு வருடம், பேச்சில் பாதி மலையாளம். ஒருநாளும் அந்த வீட்டு மாடிப்படியில் கால் வைத்ததில்லை.

“எந்துக்கு மோளே கேட்ட? அவுகளுக்குக் கீழதானே நம்ம சோறு. நாளைக்கு ஒரு வாக்கு சொன்னாகன்னா எனக்கும் பணி போகும்.”

“கேட்டது கேட்டாச்சு. நீங்க ஒன்னு சொல்லுங்க. கிடங்குல நின்னு அண்ணாந்து பாத்தா எங்கெங்க வெளிச்சம் தெரியும்?”

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அந்தக் கூரையைப் பற்றி அவரிடம் யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை.

“காயல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழ முச்சூடும் சந்துதான். புடைக்கிறதும் அங்கதான். படிக்கட்டுப் பக்கம் மூட்டை அட்டி மச்சு முட்ட நிக்கும். அங்கன ஈகூட மேல ஏறாது.”

“அந்த மூட்டை அடுக்கை எப்ப இறக்குவாங்க?”

“மழை தீராம இறக்கமாட்டாக. இறக்குனா மறுபடி அங்கனயேதான் அடுக்கணும். சுவர் அங்கதான் காய்ஞ்சு கிடக்கும்.”

இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? பிளைவுட்டே தேவையில்லை. படிக்கட்டுப் பக்கத்து உத்தரத்தில், தரையைத் தொடாமல் தொங்கவிட்டால் தூசிக் கதை முடிந்தது. மேலுக்கு மல் துணியால் ஒரு உறை போட்டால் போதும்.

“சனிக்கிழமை ஒரு கை பிடிக்க மேல வரணும்பா.”

“நானா? மேலயா? சும்மா கிட மோளே.”

வெள்ளிக்கிழமை தோப்பும்படிக்குப் போய் மீன்பிடிக்கிறவர்கள் வாங்கும் நைலான் கயிறு வாங்கினேன். தேங்காய்நார்க் கயிறு மழைக்கு ஊறி முறுக்கிக்கொள்ளும், சட்டம் கோணிப்போகும்.

சனிக்கிழமை காலையில் விஸ்வேஸ்வரன் சார் வீட்டில் இல்லை. சாயங்காலம்தான் வருவாராம். இரண்டும் ஒரே உத்தரத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்க வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“ஜன்னல் பக்கத்து உத்தரம்,” என்றார் கல்யாணராமன் சார்.

“படிக்கட்டுப் பக்கம்,” என்றேன்.

“எங்கயோ தொலை. எங்க மாட்டினாலும் தோக்கத்தான் போறே.”

அவரும் ஆசாரி ராசப்பனும் ஒரு மணி நேரத்தில் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். பிளைவுட் முதுகு அப்படியே. கூடுதலாக உள்ளே பஞ்சு வேறு. நான் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, உள்ளே தங்கிய மின்சாரம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் என்னுடையதைத் தொட்டேன். பிளைவுட்டைப் பெயர்த்துப் போட்டு, மல் துணி உறையை மாட்டினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, உத்தரத்தில் நான்கு கொக்கி திருகினேன். இரண்டு இரண்டு கயிறாக விரித்துக் கட்டினால்தான் ஃபேன் காற்றுக்குச் சட்டம் திரும்பாது. சுவருக்கும் அதற்கும் நாலடி. நாற்காலியில் உட்கார்ந்தால் காது உயரம்.

கட்டும்வரை கீழே ஒரு ஆள் தூக்கிப் பிடிக்க வேண்டும். ராசப்பன் கல்யாணராமன் சாரைப் பார்த்தான். அவர் ஃபேனைப் பார்த்தார்.

நான் ஏணியை விட்டு இறங்கி ஜன்னலில் தலையை நீட்டினேன். “அப்பா! மேல வாங்க!”

கீழே சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் காலடி கேட்டது. தலையில் கட்டிய தோர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா வாசலில் நின்றார்.

“ஒச்சப்பனா? நீ எந்தா இங்கே?” என்றார் கல்யாணராமன் சார்.

“மோளு விளிச்சா,” என்றார் அப்பா. அவ்வளவுதான். உள்ளே வந்து சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினார். “இதுக்கா இம்புட்டுப் பாடு? பப்படம் மாதிரி இருக்கு.”

ராசப்பன் சிரித்துவிட்டான்.

ஐந்து மணிக்கு விஸ்வேஸ்வரன் சார் வந்தார். உயரமான மனிதர், குடையை மடக்கும்போதே மூக்கைச் சுளித்துச் சுக்கு வாசனையை எடைபோட்டார். எங்களில் யாரையும் யார் என்று கேட்கவில்லை.

“எது என்ன, யார் பண்ணினதுன்னு சொல்லப்படாது. தேயிலைத் தோட்டத்தோட பேரைத் தெரிஞ்சுண்டு கோப்பையைத் தொட்டா நாக்கு பொய் சொல்லும்.” நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். “வயரை மாத்தறது யாரு? நீயா கொழந்தே? ம்.”

முதலில் கல்யாணராமன் சாருடையது. ஒரு பாட்டு, பக்கத்தில் மிருதங்கம். பீரோவுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். வயரை மாற்றினேன். புத்தகம் சொன்னது, கணக்கு சொன்னது, ஆனால் நான் கேட்டதில்லை. கடையில் எதையும் நான் முன்னால் உட்கார்ந்து கேட்டதில்லை. தோற்றால் சால்டரிங் மேசையும் இல்லை, அப்பாவுக்குக் கிடங்கும் இல்லை.

இசைத்தட்டில் ஊசியை வைத்தேன்.

பாடகி பாடுவதற்கு முன்னால் மூச்சிழுத்தது கேட்டது. பிறகு மிருதங்கத்தின் இடது பக்கம் தும்மென்று இறங்கியது, தரையில் கால் வைத்து நடக்கிற கனத்தோடு. அறைக்குள் ஆள் வந்துவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து அல்ல, ஸ்பீக்கர் தொங்குகிற இடத்துக்கு முன்னும் பின்னும், காற்றிலிருந்து. ராசப்பன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

அப்பா மெதுவாக நடந்து சட்டத்தின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.

“பின்னாலயும் பாடுது,” என்றார், சத்தமாகவே.

“உஷ்!” என்று பல்லைக் கடித்தார் கல்யாணராமன் சார்.

“யாரவர்? அவர் சொல்றது சரி,” என்றார் விஸ்வேஸ்வரன் சார், கட்டை அவிழ்க்காமல். “பின்னாலயும் பாடறது. மாத்து.”

நான்கு தடவை மாற்றினேன். நான்கு தடவையும் சொன்னார்: இது மூடினது, இது திறந்தது. ஐந்தாவது தடவை வயரைக் கழற்றுகிற சத்தம் மட்டும் காட்டிவிட்டுத் திரும்ப அதிலேயே சொருகினேன்.

“அதே கோப்பையையே திரும்பத் தர்றயா? நல்ல ஆளு நீ!” என்று சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தார். “திறந்ததுதான். சந்தேகமே இல்லை. யாருது அது?”

“நம்ம கடையோடதுதான் சார்,” என்று முந்தினார் கல்யாணராமன் சார். “ரெண்டு விதமாவும் பண்ணிப் பாக்கலாம்னு நான்தான்...”

“அப்படியா? ஏன் இந்த உத்தரம்? நான் உட்கார்றது ஜன்னல் பக்கம். அங்கே ஏன் இல்லை?”

கல்யாணராமன் சார் உத்தரத்தைப் பார்த்தார். “அது... வாஸ்துப்படி சார்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அது என்னுது சார். மூடினது அவரோடது. ஜன்னல் பக்கம் பலகையெல்லாம் சந்து, கீழருந்து தூசி ஏறும். இங்க கீழே மூட்டை அட்டி கூரை முட்ட நிக்குது, ஏறாது. இதைச் சொன்னது எங்கப்பா. அந்தா நிக்கிறவர். உங்க தரைக்குக் கீழ இருபத்திரண்டு வருஷமா நிக்கிறவர்.”

விஸ்வேஸ்வரன் சார் தரையைப் பார்த்தார். பிறகு அப்பாவை.

“அந்த இன்னொண்ணோட முதுகையும் பிடுங்கி, இந்தப் பொண்ணு சொல்றபடி கட்டுங்கோ,” என்றார். “கல்யாணராமா, நீ ஏணியைப் பிடி.”

பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்தார். நான் மேலே ஏறி, அவர் வழுக்கைத் தலைக்கு மேல் நின்று, அவசரமே இல்லாமல் கொக்கியைத் திருகினேன். அப்பா சட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றார். ராசப்பன் பஞ்சை வாரிக் கோணியில் போட்டான். இரண்டும் சேர்ந்து பாடியபோது சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்.

“தீவுல தேயிலை ஏல ஹால்ல பின்வரிசைக்கு ஒரு விலையும் காதுல விழறதில்லை,” என்றார் விஸ்வேஸ்வரன் சார். “செவ்வாய்க்கிழமை ஏலம். நல்ல ஆள் யாருன்னு என்னைக் கேட்டுண்டே இருக்கா. யார் பேரைச் சொல்றது?”

“கடைப் பேர்...” என்று இழுத்தார் கல்யாணராமன் சார்.

“அங்கம்மாள்னு சொல்லுங்க சார்,” என்றேன்.

அப்பா தோர்த்தைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது கல்யாணராமன் சார் படிக்கட்டு முகப்பில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

“சரி, ஜெயிச்சுட்டே. இனிமே கஸ்டமர் ஆத்துக்கெல்லாம் வா. பேசறது மட்டும் நான். யாராவது கேட்டா நான் சொல்லித் தந்தேன்னு சொல்லிடு. அவ்வளவுதானே?”

மூன்று வருடம் நான் ஆசைப்பட்டது சரியாக இதைத்தான். கிடைத்தபோது என் கைக்கு அது சின்னதாக இருந்தது. ஏணியின் உச்சியில் நின்றபோதே எனக்கு முடிவாகிவிட்டது. இவர் இப்போதுதான் கேட்கிறார்.

“நான் கடைக்கு வரமாட்டேன் சார்.”

“என்னடி இது, நீதானே ஜெயிச்சே!”

“அதான் சார்.”

பையைத் திறந்தேன். மீட்டர் கடையுடையது; எடுத்து அவர் கையில் வைத்தேன். ஸ்க்ரூடிரைவரும் மிச்சக் கயிறும் என்னுடையவை. உள்ளே ஸ்பீக்கரில் மிருதங்கக்காரர் இடது கையை வீசி அடித்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்படி வழியாக இறங்கி, பஜார் ரோட்டின் நடுவில் நடக்க ஆரம்பித்தேன்.