பட்டினி கிடந்த பட்டாளம்

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பியபோது வீட்டில் விட்டுப் போனவை இரண்டு. ஒரு கிழிந்த பயணப்பை, ஒரு கண்ணாடிப் பெட்டி. பையை அவன் தலை மறைந்ததுமே அம்மா தூக்கிப் போட்டுவிட்டாள். பெட்டியைத் தூக்கிப் போட முடியவில்லை, உள்ளே ஆள் இருந்தது.

ஆள் என்றால் பல்லி. சுவரில் ஓசியில் ஓடுவதைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிக்குள் வைத்துச் சீராட்டுவது அவன் பைத்தியம். சும்மா சொல்லக்கூடாது, இது கொஞ்சம் லட்சணமான பல்லிதான். மஞ்சளில் கரும்புள்ளி, பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருவோர் போவோரை ஒரு பார்வை பார்க்கும். அந்தத் தோரணைக்காகவே வீட்டில் அதற்குப் ‘பெரிய மனுஷன்’ என்று பெயர். அதன் காலடியில் ஈர மண், பாசி, காய்ந்த இலைகள், மூலையில் ஒரு மரப்பட்டை. மண்ணுக்குள் ஐசோபாட் என்ற பூச்சிகள். அரிசியை விடச் சின்னது, முதுகில் சாம்பல் நிற ஓடு, தொட்டால் மிளகு மாதிரி சுருண்டுகொள்ளும். பெரிய மனுஷனின் எச்சம், அழுகும் இலை, பூஞ்சை எல்லாவற்றையும் தின்று மண்ணாக்குவதுதான் இவற்றின் பிழைப்பு.

“இந்தத் துப்புரவுப் பட்டாளம் இருக்கிற வரைக்கும் நீ பெட்டியைக் கழுவவே வேண்டாம்மா. தண்ணி தெளிச்சா போதும்” என்று சொல்லிவிட்டுப் போனான் மகன்.

யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டும். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, கிருமி நீக்கித் தரும் அறையில் வேலை பார்ப்பவள். அங்கே அவளுக்குக் ‘கொதிநீர் அக்கா’ என்று பெயர். கருவியை மட்டுமா, கண்ணில் பட்ட கதவுக் கைப்பிடியைக்கூட விடமாட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய், அழுக்கு இருந்தால் இருக்கட்டும் என்று சொன்னால் காதில் ஏறுமா?

மகன் போன கொஞ்ச நாளிலேயே அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிய மனிதர், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கரண்டி நழுவ, அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் பிழைத்தது. வலது காலும் வலது கையும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. பேச்சும் விட்டு விட்டுத்தான் வந்தது.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் கறாராகச் சொன்னாள். “இந்தச் சில மாசம்தாம்மா முக்கியம். இப்ப அந்தக் கையை விட்டுட்டா அப்புறம் பிடிக்க முடியாது. பொத்தானை அவரே போடட்டும், தம்ளரை அவரே எடுக்கட்டும். கொட்டினா கொட்டட்டும்.”

அவள் பயபக்தியோடு தலையாட்டினாள். கையை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது. ஆனால் ‘கொட்டினா கொட்டட்டும்’ என்பது மட்டும் அவளால் ஆகாத காரியம். அவர் தம்ளரை நோக்கிக் கையை நகர்த்துவதற்குள் அது அவர் வாயருகே இருக்கும். பொத்தான் துளையை அவர் விரல் தேடும்போதே அவள் கழுத்து வரை மாட்டி முடித்திருப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர், மருந்து, துண்டு துண்டாக நறுக்கிய வெள்ளரிக்காய் எல்லாவற்றையும் அவருடைய இடது கைக்கு எட்டும்படி வைத்து, “அசையக்கூடாது, சொல்லிட்டேன்” என்று மிரட்டிவிட்டுப் போவாள். அவர் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். பாவம், கேலி பேசுகிற மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் ஆகிவிட்டார்.

பெட்டிக்கும் அதே ராஜ உபசாரம்தான். காலையில் இடுக்கியோடு வருவாள். எச்சத்தைப் பொறுக்கி எடுப்பாள், புள்ளி விழுந்த இலையை எடுத்து எறிவாள், மண்ணில் வெள்ளையாகப் பூஞ்சை தலைகாட்டினால் துணியால் ஒற்றி எடுப்பாள். பெட்டி பளபளத்தது. ஆனால் பூச்சிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எந்த இலையைப் புரட்டினாலும் காலி ஓடுகள்தான் கிடைத்தன. ஏதோ நோய் என்று முடிவுகட்டி இன்னும் அழுத்தித் துடைத்தாள். மகன் போனில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் ஒரு சாயங்காலம் கணவரைக் குளிப்பாட்டும்போது அவருடைய வலது கை நகங்களுக்குள் கறுப்பாக மண்.

“நாற்காலியை விட்டு அசையாத மனுஷனுக்கு மண் எங்கேர்ந்து வருது?” என்று முணுமுணுத்துக்கொண்டே பிரஷ் போட்டுத் தேய்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

விடுமுறை நாள் வந்ததும் ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தாள். மண்ணை மொத்தமாக அள்ளிக் கொதிக்க வைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிப்பதென்று திட்டம். பெரிய மனுஷனை ஏற்கெனவே ஒரு டப்பாவுக்குக் குடிமாற்றியாயிற்று.

“வேண்டாம்” என்றார் கணவர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தானாக வாய் திறந்து நாளாகியிருந்தது.

“நோய்ங்க. விட்டா பல்லிக்கும் ஒட்டிக்கும்.”

“பட்டைய... தூக்காத.”

தூக்காதே என்றால் தூக்கத்தானே கை போகும்? மூலையில் கிடந்த மரப்பட்டையைப் புரட்டினாள். அடியில் ஒரே கூட்டம். பெரிசும் சிறிசுமாக, குஞ்சு குளுவானோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு திமுதிமுவென்று ஊர்ந்தன. நடுவே பாதி அரித்த வெள்ளரித் துண்டு. அவள் காலையில் வெட்டி வைக்கும் அதே அளவு. பக்கத்தில் பால்கனித் தொட்டிச் செடியின் காய்ந்த இலைகள், சல்லடையாக.

பால்கனி அந்த அறையின் மறுகோடியில் இருந்தது.

“நீங்களா?”

“ம்.”

“எழுந்து நடந்தீங்களா? நான் இல்லாதப்ப? ஐயோ, விழுந்திருந்தா?”

“விழுந்தேன். ஒரு தடவ. அப்புறம்... எழுந்துட்டேன்.”

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. “உங்களுக்கு என்ன கொழுப்பு! நான் எதுல குறை வச்சேன்? தண்ணி வைக்கலையா, சாப்பாடு வைக்கலையா?”

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துச் சொன்னார். “அதுங்களுக்கு நோய் இல்லம்மா. பசி. நீ... எல்லாத்தையும் அள்ளிட்ட. அதுங்க தின்ன... செய்ய... ஒண்ணுமே விடல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். “அதுங்க பாடும் என் பாடும் ஒண்ணு.”

அவளுக்கு நகத்து மண்ணைத் தான் பிரஷ் போட்டுத் தேய்த்தது ஞாபகம் வந்தது. இடது கை அல்ல, வலது கை. அந்தக் கையால் மண்ணைக் கிளறி, இலையைத் திணித்து, பட்டையை மூடி வைத்திருக்கிறார். ஊர்ப்பட்ட கிருமியைக் கொன்றவள், இவ்வளவு பெரிய விஷயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவர் அந்தக் கையை நகர்த்தி நகர்த்தி அவள் தலைவரை கொண்டுவந்து வைத்தார். அதற்கு வெகு நேரம் ஆனது. அவள் பாதி வழியில் பிடித்து உதவவில்லை.

மறுநாள் காலையில் இடுக்கி அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. தம்ளரை அவர் கைக்கு எட்டாத மேசையில் வைத்தாள். அவர் சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கியதும், பார்த்தால் கை பரபரக்கும் என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். ஒரு பொத்தான் துளை மாறி, சட்டை கோணிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தும் பாராததுபோல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கதவைச் சாத்திவிட்டாள். படியில் கால் வைக்குமுன் உள்ளே ‘டணார்’ என்று ஒரு சத்தம். தம்ளர்தான். தண்ணீர் ஓடும் தரை, வழுக்கும் கால், எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. சாவி கைக்கு வந்துவிட்டது. பூட்டில் நுழைத்தும்விட்டாள். திருப்பவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தபடியும் நடந்தன. ஈரத் துணியைத் தரையில் போடும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய பழைய கேலிக் குரல், திக்கித் திக்கி வந்தது.

“நான்... துடைச்சுக்கறேன். சாவிய எடுத்துட்டு... நீ கிளம்பு.”