பின்பக்கச் சின்னம்

வினாயகமூர்த்தியிடம் இருந்த பட்டாளத் தொப்பிச் சின்னங்கள் எல்லாமே நகல். அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். "சாமான் நகல்தான், கதை அசல்" என்பார். பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளுக்கு வான் ஓட்டுகிறவர். எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் இறங்கும்போது கையில் வைத்துவிட்டுப் போன ஒரு பட்டாளச் சின்னத்தில் தொடங்கிய பைத்தியம் அது. புலி, யானை, யாழ், கோட்டை, மண்டையோடு என்று முன் ஹோல் சுவர் நிறைந்துவிட்டது. எந்தப் படை, எந்தச் சண்டை, ஏன் அந்த மிருகம் என்று கேட்டால் தேத்தண்ணி ஆறிப்போகும். கேட்காவிட்டாலும் ஆறிப்போகும்.

மகள் வதனிக்கு மாங்கேணி மாப்பிள்ளை நிதுர்ஷன் சரிவந்ததும் சுவருக்குக் கெடு வந்தது. எங்கள் பக்கத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடும் மகளுக்குத்தான். தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும்.

"இனி அது மருமகன்ட சுவர். உங்கட பட்டாளத்தக் கழட்டுங்க" என்றாள் மனைவி புஸ்பம். பட்டாளச் சப்பாத்துச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து வளர்ந்தவள் அவள். வினாயகமூர்த்தி எல்லாவற்றையும் கழற்றி பிஸ்கட் டின்னில் போட்டார். வீட்டைக் கொடுப்பதில் துளி வருத்தமில்லை. பின்வளவுக்கு வந்து கதை கேட்கப் போகிறவர் யார் என்பதுதான் கவலை. தன்னையும் சேர்த்து டின்னில் மூடியதுபோல் இருந்தது.

கல்யாணம் அமிர்தகழிக் கோயிலில். மாப்பிள்ளை வரும் வழியில், ஓட்டமாவடிப் பாலத்தில் நல்ல காற்று என்று வான் ஜன்னலால் தலையை நீட்டியிருக்கிறார். தலைப்பாகை தப்பியது. அதன் முகப்பில் குத்தியிருந்த வெள்ளைக்கல் புரோச் வாவிக்குப் போய்விட்டது. "மொட்டைத் தலைப்பாகையோடயா மணவறையில இருக்கிற?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா அழுவாரைப்போல நின்றார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புஸ்பம் ஓடிவந்தாள். "இஞ்சாருங்க, அந்த டின் வீட்டயா கிடக்கு?"

வினாயகமூர்த்தி தலையைச் சொறிந்தார். "வான் சீற்றுக்குக் கீழ."

"கல்யாணத்துக்குமா கொண்டு வந்தீங்க?"

"தனிய விட மனமில்ல."

திட்ட நேரமில்லாமல் அவள் டின்னைத் திறந்தாள். முதலில் கையில் அகப்பட்டது மண்டையோடு. அதை எறியாத குறையாகப் போட்டாள். மற்றவை தலைப்பாகைக்குப் பெரியவை. அடியில், இலைமாலைக்கு நடுவே பெண் முகமும் சிங்க உடம்புமாக ஒரு சின்னஞ்சிறு ஸ்பிங்ஸ் கிடந்தது.

"ஐயோ, அது முன்னுக்குக் குத்திறது இல்ல கா!" என்று அவர் கத்துவதற்குள் புஸ்பம் போய்விட்டாள். "நல்ல அம்மன் முகம்" என்று பெரியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கியது. ஊரே தாலியைப் பார்த்தது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்து நெளிந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் நிதுர்ஷன் கேட்டே விட்டான். "மாமா, தாலி கட்டக்குள்ள என்ட தலையில என்னத்தப் பாத்தீங்க?"

வினாயகமூர்த்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது பின்னுக்குக் குத்திற சின்னம் தம்பி. எகிப்தில இங்கிலீசுப் படையொண்டுக்குச் சண்டை. முன்னால பிரெஞ்சுக்காரன். பின்னாலயும் குதிரைப்படை வந்திட்டு. ஓட இடமில்ல. பின்வரிசைக்காரர் அப்படியே திரும்பி, முன்வரிசைக்கு முதுகு குடுத்து நிண்டு அடிச்சாங்க. அதால அந்தப் படைக்கு மட்டும் தொப்பியில முன்னுக்கு ஸ்பிங்ஸ் பெரிசு ஒண்டு, பின்னுக்குச் சின்னன் ஒண்டு."

நிதுர்ஷன் வாயில் வைத்த சோற்றை மென்று விழுங்கினான். பிறகு சிரித்துக்கொண்டே தலைப்பாகையைப் பின்முன்னாகத் திருப்பி வைத்துக்கொண்டான். எஞ்சிய படங்களிலெல்லாம் மாப்பிள்ளை அப்படித்தான் நிற்கிறார். வதனி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை பிடிக்கிறாள்.

விருந்தெல்லாம் ஓய்ந்த ஒரு பின்னேரம், பாசிக்குடாவிலிருந்து திரும்பிய வினாயகமூர்த்தி முன் ஹோலைப் பார்த்துத் திகைத்தார். புலியும் யானையும் மண்டையோடும் பழைய ஆணிகளில் ஏறியிருந்தன. பெரிய ஸ்பிங்ஸ் நடுவில். சின்னதை மட்டும் காணவில்லை.

"இஞ்சால வாங்க மாமா" என்று நிதுர்ஷன் கையைப் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிப்போனான். சின்ன வீட்டு வாசல் நிலைக்கு மேலே அது இருந்தது.

"முன்னுக்கு நாங்க நிக்கிறம். பின்னுக்கு நீங்க நில்லுங்க. நீங்க நிண்டாத்தான் எங்களுக்குப் பயமில்ல."

வினாயகமூர்த்திக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது. "டின்ன எடுத்துக் குடுத்த ஆரு?" என்று ஒருவாறு கேட்டார்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த புஸ்பம் வேறெங்கோ பார்த்தாள். "மருமகன் கதை கேக்கோணுமாம். போங்க, ஆற விடாதீங்க."

அவர் புலியிலிருந்து தொடங்கினார். தேத்தண்ணி ஆறிப்போனது.