ஆர்டர் நாளில் திரியும் சாக்லேட்

பானு செய்யும் சாக்லேட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. யாரும் கேட்காத நாளில் பளபளவென்று வந்து அச்சிலிருந்து சமர்த்தாகக் கழன்று விழும். ஆர்டர் வந்த நாளில் மட்டும் உருகும்போதே திரிந்து, கட்டிகட்டியாகி, பாதியில் விட்ட கேப்பைக் களி போலச் சட்டியைப் பிடித்துக்கொள்ளும். அதே சட்டி, அதே அடுப்பு, அதே கை. முதலில் ஒரு பிறந்தநாள் ஆர்டர் இப்படிப் போயிற்று. அடுத்து ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு வீட்டுக்கும் போய் அசடு வழிந்துவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டு ராசம்மா, "கண்ணு பட்டுருச்சுடி, வேற என்னா?" என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டாள். பானுவுக்கு அது ஒப்பவில்லை. கண் என்றால் சும்மா செய்து பார்க்கிற நாளிலும் பட வேண்டாமா? ஆர்டர் வந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டா கண் வரும்?

அவள் எதையும் லேசில் விடுகிற ரகம் இல்லை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் காட்டில் குடியேறியவர்களின் மகள். ரப்பர் பாலில் துளி அமிலம் விட்டால் வாளிப் பாலும் ஏன் உறைகிறது என்று ஏழு வயதில் கேட்டுக் கேட்டே கங்காணியிடம் திட்டு வாங்கியவள். இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். எந்தக் கிழமை, மழையா வெயிலா, ஜன்னல் திறந்திருந்ததா, ராசம்மா எட்டிப் பார்த்தாளா. போர்ட் பிளேயரில் சாக்லேட் வகுப்பு எடுத்த டீச்சரம்மா மூன்று நாளும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: உருகுகிற சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் மொத்தமும் திரிந்துவிடும். பானு சட்டியை மூன்று தடவை துடைப்பாள், கையைத் துடைப்பாள், நெற்றி வியர்வையைக்கூட ஒற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள். அப்படியும் எங்கிருந்தோ தண்ணீர் வந்தது. எங்கிருந்து?

சுனாமி அலை அடித்து, கச்சாலை விட்டுக் கிளம்பி எட்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது போர்ட் பிளேயர் புரோத்ராபூரில் இரண்டு அறை வீடு. கணவன் யோகராஜ், அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே வேகமான ரப்பர் வெட்டுக்காரன், இப்போது கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் சரக்கு இறக்குகிறான். பேச்சென்றால் அவனுக்குப் பஞ்சம். நட்சத்திர அச்சையும் இதய அச்சையும் விரலால் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான், அவ்வளவுதான். நன்றாக வந்ததா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது பானுவுக்கு உள்ளூர வலித்தது. பொண்டாட்டி செப்பு வைத்து விளையாடுகிறாள் என்று நினைக்கிறான் போல என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது ஆர்டர் ஷாதிபூரிலிருந்து வந்தது. அரசாங்க ஆபீஸில் வேலை பார்க்கும் மங்கையர்க்கரசியின் மகள் திவ்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா.

"சீர்த்தட்டுல ஒரு தட்டு சாக்லேட் வேணுமாம், அடம் பிடிக்கிறா. அறுபது பீஸ் போதும், பானு. பக்காவா வரும்ல? ஷாதிபூரே வருது, பாத்துக்கோ" என்றாள் மங்கையர்க்கரசி.

"வரும்க்கா" என்று சொல்லிவிட்டாள். ஆனால் வீட்டில் ஒரே ஒரு சாக்லேட் பாளம்தான் இருந்தது. கடல் சரியில்லை, சென்னையிலிருந்து வர வேண்டிய ஷிப் ஒரு வாரம் லேட். இதுவும் திரிந்தால் ஷாதிபூர்க்காரர்கள் முன்னால் ஒரு தட்டு காலியாக நிற்கும். பிறகு இந்தத் தீவில் எவர் வீட்டு விசேஷத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். "இந்த வாட்டியும் போச்சுன்னா அச்செல்லாம் தூக்கி நாலா சாக்கடையில போட்டுருவேன்" என்று சனிக்கிழமை சாயங்காலம் யோகராஜிடம் சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

வழக்கம்போல அன்றைக்கே பாளத்தைப் பொடியாக நறுக்கிச் சட்டியில் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி வைத்தாள். காலையில் குளித்துவிட்டு வந்து, வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் ஏற்றினாள். ஓரம் இளகியது. நடுவில் பளபளப்பு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளறினாள். இரண்டே நிமிஷம்தான். கரண்டி கனத்தது, பளபளப்பு செத்தது, சட்டிக்குள் பழைய களி.

பானு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே முகத்தைத் துடைக்கக் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். அது சட்டியை மூடியிருந்த துணி. அதில் ஐந்தாறு மஞ்சள் புள்ளிகள் இருந்தன. அழுகை பாதியில் நின்றது. மோந்து பார்த்தாள். மஞ்சள்தூள் வாசனை. இன்னும் ஈரம் காயவில்லை.

யோகராஜ் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னாங்க, இங்க வாங்க. இது என்னா?"

அவன் துணியைப் பார்த்தான். முகத்தில் மெல்ல ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது.

"பாத்துட்டியா? மஞ்சத் தண்ணிதான் புள்ள. நீ குளிக்கப் போனப்ப சட்டியில தெளிச்சேன். ரப்பர் மரத்துல மொத வெட்டுக்குக் கத்திக்கும் சிரட்டைக்கும் தெளிப்போமே, அது மாதிரி."

"சட்டிக்குள்ளயா?"

"உள்ளதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் தெளிப்பேன். சும்மா செஞ்சு பாக்குறதுக்கு எதுக்கு? நெசமான வேலைக்குத்தானே தெளிக்கணும்."

நோட்டில் நாலு பக்கம் எழுதியும் பிடிபடாத விடை எதிரே செருப்போடு நின்றது. பானுவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சட்டியைத் திருப்பிக் காட்டினாள். தண்ணீர் பட்டால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னாள். அவன் சிரிப்பு அப்படியே விழுந்தது.

"அப்ப மூணு தடவையும் நாந்தானா?"

அவன் குந்தி உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "அந்த வருசம் கச்சால்ல மொத வெட்டுக்கு நான் தெளிக்கல, புள்ள. லேட்டாயிருச்சுன்னு அப்படியே ஓடிட்டேன். அந்த வருசந்தான் அலை வந்துச்சு. அதுக்கப்புறம் பயம். உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதான்..."

எட்டு வருஷமாக இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன் அச்சுகளை அவன் விளையாட்டாக நினைக்கிறான் என்று எண்ணியதற்காகப் பானு கூசிப்போனாள். அவன் தோளில் கை வைத்தாள். பிறகு, அவள் அவள்தானே, கண் தானாகச் சட்டிக்குப் போயிற்று.

"ஏங்க, ரப்பர் பால் உறைஞ்சா நாம கீழயா ஊத்துனோம்?"

"ஊத்துவாங்களா? உறைஞ்சாத்தானே ரப்பர் ஷீட்டு."

"அதத்தான் கேக்குறேன். ஒரு சொட்டுத் தண்ணிக்கே இது இப்படிக் கட்டியாகுதே, ஒரு டம்ளர் ஊத்துனா என்னா ஆகும்?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. கெட்டது இனிமேல் என்ன கெடப்போகிறது? "போய்த் தேங்கா துருவுங்க" என்றாள்.

கெட்டித் தேங்காய்ப்பாலைச் சுட வைத்து, முதலில் ஒரு கரண்டி விட்டாள். கட்டி இன்னும் முறைத்துக்கொண்டது. இரண்டாவது கரண்டிக்கும் மசியவில்லை. யோகராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதில் ஓரம் நெகிழ்ந்தது. நாலாவதில் எல்லாக் கட்டியும் அவிழ்ந்து, சட்டி முழுக்கப் பட்டு மாதிரி வழவழவென்று சுழன்றது.

"அரே!" என்றான் யோகராஜ். ஜெட்டியில் எதைப் பார்த்தாலும் சொல்லும் அதே வார்த்தைதான். அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை.

அது அச்சில் நிற்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஃப்ரிட்ஜில் இறுக வைத்து, இருவருமாக உட்கார்ந்து சின்னச் சின்ன லட்டாக உருட்டினார்கள். ரப்பர் உருட்டிப் பழகிய கை, அவன் உருட்டியவைதான் ஒரே அளவாக இருந்தன. மிச்சத் தேங்காயை வறுத்து அதில் புரட்டினார்கள். அறுபத்திரண்டு வந்தது. இரண்டை அங்கேயே தின்றார்கள்.

ஷாதிபூர் மண்டபத்தில் மங்கையர்க்கரசி தட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "சாக்லேட்னு சொன்னே, லட்டு கொண்டாந்திருக்கே?"

"தின்னு பாருங்கக்கா."

அவள் வாயில் போட்டாள். நெற்றி விரிந்தது. அதற்குள் மணைமேல் உட்கார்ந்திருந்த திவ்யா தோழியை அனுப்பி நாலைந்தை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிட்டது, ஆனால் பானு பயந்தது போல அல்ல. கிளம்பும் முன்பே மூன்று பேர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இதே லட்டு வேண்டும் என்று தேதி சொன்னார்கள்.

அதில் முதல் தேதி வந்தது. விடிந்ததும் யோகராஜ் மஞ்சள் செம்போடு எழுந்து, சமையல்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். நிலைப்படியில் ரெண்டு சொட்டுத் தெளித்துவிட்டு நகரப் பார்த்தான்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க" என்றாள் பானு.

"வேணாம் புள்ள. வெளியவே போதும்."

அவள் அந்தச் செம்பிலிருந்து ஒரு விரல் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு, சூடான தேங்காய்ப்பாலில் விட்டுக் கலக்கினாள். அந்தப் பால் கிண்ணத்தை அப்படியே அவன் கையில் கொடுத்து, அடுப்பில் உருகிக்கொண்டிருந்த சாக்லேட் சட்டியைக் காட்டினாள்.

"தெளிக்கிறதுதான் ஆகாது" என்றாள். "பயப்படாம மொத்தமா ஊத்துங்க."