கால் மாறிய தையல்காரி

செருப்பு ரிப்பேர்க் கடையின் கவுண்டரில் சொல்லப்பட்ட ஒரு பதிலால், தையல்காரிக்குப் பிறவியிலிருந்தே இடது காலில் இருந்த குட்டை வலது காலுக்கு மாறியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் இல்லாமல் போனார். காலை வேளை. கடையில் வேறு கூட்டம் இல்லை. பசை டப்பா அப்போதுதான் திறந்திருந்தது. பதில் சொன்னவள் கடைக்காரரின் மகள்.

தெரு அவளை ‘டிகிரி’ என்று கூப்பிட்டது. பாதி பெருமை, பாதி நக்கல். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படிப்புக்கேற்ற வேலை மட்டும் வந்தபாடில்லை. அவள் கவுண்டருக்கு வருவதற்கு முன்னால் புகார்களை அப்பாதான் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொள்வதென்றால் தலையைக் குனிந்து, “என் தப்புதான், சரி பண்ணித் தர்றேன்” என்பது. மழையில் ஊறிய ஷூவை அடுப்பு மேல் காயவைத்துவிட்டு, பசை விட்டுப்போச்சு என்று வந்தாலும் அவர் தப்புதான். நாய் கடித்த வாரும் அவர் தப்புதான். அவருக்கு மகன் வயதுள்ள பையன்கள் வா, போ என்று அவரைக் கூப்பிட்டார்கள். செத்த எலியைத் தூக்குவதுபோல் செருப்பை இரண்டு விரலில் தூக்கி முன்னால் போட்டார்கள். பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் டிகிரி அந்த ஸ்டூலைப் பிடித்தாள். அதற்குப் பிறகு எந்தப் புகாருக்கும் ஒரே பதில்தான்: “நீங்க குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு.” கண்ணைப் பார்த்துச் சொல்வாள். வந்தவர்கள் கொஞ்ச நேரம் விழிப்பார்கள். பிறகு “அட, ஆமால்ல” என்று திரும்பிப் போய்விடுவார்கள். ஒருவர்கூட மறுபேச்சு பேசியதில்லை. படிப்புக்கு இருக்கும் மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பா ஒன்றும் நினைக்கவில்லை. வேலை குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

தையல்காரி முதல்முறை வந்தது புதுச் செருப்பு ஜோடியோடு. குட்டையான காலுக்கு அரை அங்குலம் ஏற்றித் தர வேண்டும். கூட வந்த புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். “ஊரையே மேல ஏத்தி எறக்கறேன். இவளை மட்டும் அரை அங்குலம் ஏத்த முடியல, அதான் உங்ககிட்ட வந்தோம்.” தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்.” கேட்காமலே கல்யாணக் கதையும் வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், அவள் துணி மூட்டையோடு படியேறியிருக்கிறாள். இடது கால் தடுமாறி இடது பக்கம் சாய்ந்தவள், அங்கே நின்று ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் தோளைப் பிடித்திருக்கிறாள். “அன்னிக்குப் பிடிச்சது, இன்னும் விடல” என்றார் அவர்.

“எந்தக் கால்க்கா?” என்று டிகிரி கேட்டாள். எதிரே நின்ற தையல்காரி இடது தொடையைத் தட்டி, “இது” என்றாள். எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடம் வலம் மாறும் என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். டிகிரி ஒரு கண்ணை ஃபோனில் வைத்திருந்தாள். ஏதோ ஒரு கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, வலது செருப்பின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டாள். அப்பா கோடு போட்ட செருப்புக்கு ரப்பரை ஒட்டி, சுற்றிலும் தைத்து, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார். அருமையான வேலை, தப்பான காலுக்கு.

மறுவாரம் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். தையல்காரி படகில் நடப்பவள்போல் ஆடி ஆடி வந்து, “என்னம்மா இது, குட்டையா இருக்கற காலை இன்னும் குட்டையாக்கி வெச்சிருக்கீங்க?” என்றாள். டிகிரிக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. ரப்பரைப் பிரித்தால் செருப்பு கிழியும்; புது ஜோடி வாங்கித் தர வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. பின்னால் அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிகிறாயே என்று அவரை அத்தனை நாளாகத் திட்டியவள், அவர் முன்னால் எப்படிக் குனிவாள்? நிமிர்ந்தாள். “நீங்க காட்டின காலுக்குத்தான் ஏத்தியிருக்கோம். உங்களுக்குக் குட்டை வலது கால்தான்.”

தையல்காரி கொஞ்ச நேரம் விழித்தாள். இரண்டு அடி எடுத்துவைத்தாள். ஆட்டம் இல்லை. “அட, ஆமால்ல. சரியாத்தானே இருக்கு” என்றாள். அவள் புருவத்தின் குறுக்கே தையல் போட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. உள்ளே வரும்போது அது இல்லை. பக்கத்து நாற்காலியில் லிஃப்ட்காரர் இருந்த இடத்தில் பாலிஷ் டப்பாக்கள் அடுக்கியிருந்தன, தூசியோடு.

“உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?”

“எனக்கு ஏதும்மா வீட்டுக்காரர்? காலங்கார்த்தால கிண்டலா?”

அப்பாவைக் கேட்டாள். அந்த அம்மா எப்போதும் தனியாகத்தானே வரும் என்றார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் டிகிரி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் சாக்கில் தையல்காரியின் அறைக்குப் போனாள். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டாள். படியேறும்போது வலது கால் தடுமாறி வலது பக்கச் சுவரில் மோதினேன் என்றாள் தையல்காரி. “மேல ஒருத்தன் லிஃப்ட்டை நோண்டிக்கிட்டிருந்தான். திரும்பிக்கூடப் பாக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். டிகிரி அங்கேயே உண்மையைச் சொன்னாள்: சாக்பீஸ் கோடு நான்தான் தப்பாகப் போட்டேன், உங்களுக்குக் குட்டை இடது கால், உங்களுக்கு ஒரு புருஷன் இருந்தார். தையல்காரி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கால் அப்படியே இருந்தது.

புகாருக்குச் சொல்லும் பதில்தான் பலிக்கிறது, சும்மா சொன்னால் பலிப்பதில்லை என்று டிகிரிக்கு மெல்லத்தான் விளங்கியது. அதனால் தையல்காரியைப் புகார் சொல்ல வைக்க வேண்டும். வார் அறுந்து செருப்பு வந்தபோது வேண்டுமென்றே மட்டமான நூலில் தைத்தாள். ஆணியை நீட்டிவைத்தாள். ஒருமுறை பக்கிளை மாற்றிப் போட்டாள். “கொஞ்சம் குத்துது, பரவாயில்ல” என்றாள் தையல்காரி. “கோபப்படுங்கக்கா! கத்துங்க! இப்படி ஒரு கடையான்னு கேளுங்க!” என்று டிகிரி கவுண்டரைத் தட்டினாள். “கத்தி என்னம்மா ஆகப்போவுது? வீட்டுக்குப் போனா, என்னாச்சுன்னு கேக்க யார் இருக்கா?” என்றபடி தையல்காரி குத்தும் செருப்பிலேயே போனாள். நல்ல தோலில் எதற்கடி ஆணி அடிக்கிறாய் என்று அப்பா முதன்முறையாக மகளை அடிக்கக் கை ஓங்கினார்.

பிறகு அவள் லிஃப்ட்காரரைத் தேட ஆரம்பித்தாள். அவர் பெயர் தெரியாது. லிஃப்ட் இருந்த கட்டடங்களுக்கெல்லாம் போய் மேலும் கீழுமாகப் போய்வந்தாள். வாட்ச்மேன்கள் அவளுக்குக் கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. யாரோ கதவை நெம்பித் திறந்தார்கள். அவள் கண்ணுக்கு நேரே ஒரு ஜோடி ஷூ தெரிந்தது. அதில் ஒன்றின் வெளி விளிம்பு, அந்தப் பக்கமாக யாரோ விடாமல் தொங்கிக்கொண்டு வந்ததுபோல், நூல் தெரியத் தேய்ந்திருந்தது. “உங்க ஷூ ஒரு பக்கமா சாஞ்சிருக்குங்க” என்றாள். “மொதல்ல மேல வந்து தொலைம்மா” என்றார் லிஃப்ட்காரர். அதே ஆள்தான். பேச்சில் சிரிப்பு மட்டும் இல்லை. கடை விலாசத்தைச் சொல்லி வரவழைத்தாள். அப்பா புது அடி போட்டுக் கொடுத்தார்.

மாதம் முடிவதற்குள் அவர் அதே ஷூவோடு வந்து கவுண்டரில் போட்டார். அதே விளிம்பு, அதே நூல். “என்னய்யா வேலை பாக்கறீங்க? எவன் தெச்சது இது?”

வந்துவிட்டது புகார். இவருக்கும் இப்போது ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதில் யாரை அழிக்கப்போகிறோமோ என்று டிகிரி வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. “வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?”

“ஷூவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நானும் என் ஸ்பானர் பையும்தான்.”

அப்பா அதற்குள் எழுந்து வந்து, “என் தப்புதாங்க” என்று வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். “தையல்ல தப்பில்ல. பக்கத்துத் தெருத் தையல்கார அக்கா உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டேதானே நடக்கறாங்க? அந்த பாரத்துலதான் தேயுது.”

அவர் கொஞ்ச நேரம் விழித்தார். “அட, ஆமால்ல” என்றார். அவர் தோளில் தையல்காரியின் கை இருந்தது. “கடைக்கு வந்து எதுக்கு இப்படிக் கத்தறீங்க? பாவம் பெரியவர்” என்று அவள் புருஷனைக் கடிந்துகொண்டாள். குட்டை வலது காலில்தான் இருந்தது. புருவத் தழும்பும் போகவில்லை. டிகிரி அதையே பார்ப்பதைக் கண்ட லிஃப்ட்காரர், “படில விழுந்தாம்மா. ஓடித்தான் போனேன், ரெண்டு படி லேட்டு” என்றார். பெண்டாட்டி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

டிகிரிக்கு அதன் பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை. இவர்கள் விஷயம் நாற்காலியைப் பார்த்ததால் தெரிந்தது. அதற்கு முன் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள். அப்போதெல்லாம் செருப்பைத்தான் பார்த்தாள். “அட, ஆமால்ல” என்று திரும்பிப் போனவர்கள் வரும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்களா, வாசலில் யாராவது காத்திருந்தார்களா, தெரியாது. கேட்டுப் பார்க்கவும் வழியில்லை; போனவர்களைப் பற்றி இருப்பவர்களுக்கே தெரியாது.

அதனால் புகார் சொல்ல வருகிறவர்கள் வீட்டில் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கடையில் எழுதிப் போட்டாள். முதலில் சிரித்த தெரு பிறகு பழகிக்கொண்டது. இப்போது கடைக்கு வெளியே இரண்டு பெஞ்சு கிடக்கிறது. டிகிரி எல்லாரையும் முகம் முகமாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறாள்; பெரும்பாலும் “எங்க தப்புதான்” என்கிறாள். அந்தப் பதிலும் பலிக்கிறது: அப்படிச் சொல்லிச் சொல்லி அப்பாவின் கை முன்போல் இல்லை, தையல் கோணுகிறது. அவர் மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் பார்க்கிறார், கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறார். நேற்று அறுந்த வாருக்காகப் பலசரக்குக் கடைக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். கைக்குழந்தை அம்மாவின் தோளில் முகம் புதைத்துத் தூங்கிவிட்டது. முகம் தெரியவில்லை, கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க என்றாள் டிகிரி. அவர் மனைவி திருப்பிக் காட்டினாள்.