வெறும் உரல்

கிழவன் முந்தாநாள் நின்றுபோனான். அதிலிருந்து அமுவானின் குழந்தை தூங்கவில்லை.

கிழவன் என்றால் ஆள் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அலுமினியப் பாத்திரம் செய்யும் ஆலையின் அச்சு எந்திரம். அபிஜான் நகரத்தில், அதுவும் ஆலைகள் நெருக்கும் கூமாசிப் பகுதியில் குடியிருந்தால் இப்படி ஏதாவது ஒரு எந்திரத்தோடுதான் குடித்தனம் நடத்தியாக வேண்டும். இரவும் பகலும் டம், டம் என்று அடித்துத் தரையை உலுக்குவான். ஏதோ உடைந்து, மாற்றுப் பாகம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அப்பாடா, காது பிழைத்தது என்று முற்றத்து வீடுகள் எல்லாம் கொண்டாடின. கைக்குழந்தை அஹூ மட்டும் வீறிட்டாள். ஆஸ்பத்திரியில் காதைப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லையாம்! பால் குடிக்கவில்லை, கண் குழிவிழுந்துவிட்டது. மூத்தவனும் இப்படித்தான் அழுது அழுது ஒருநாள் அடங்கிப்போனான்.

மதியம், வாசலில் சோற்றுக்கடை போடும் ரொக்கியா, ஃபுத்துக் களி உருட்டுவதற்காக வேகவைத்த வாழைக்காயை உரலில் இடித்தாள். அஹூவின் அழுகை சட்டென்று நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். இமை சரிந்தது. அமுவான் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிழவனின் அடி மாதிரியே இருந்தது; வயிற்றில் இருந்தபோதே இவள் கேட்டு வளர்ந்த சத்தம் ஆயிற்றே!

உலக்கை ஓய்ந்ததும் குழந்தை மறுபடி வீறிட்டது.

"அக்கா, நிறுத்தாதீங்க!"

"வாழைக்காய் மசிஞ்சிருச்சுடி. வெறும் உரலை இடிச்சா குடும்பத்துக்கு ஆகாது."

"உங்க கால்ல விழறேன், இடிங்கக்கா."

ரொக்கியா குழந்தையைப் பார்த்தாள். முணுமுணுத்துக்கொண்டே, மசியலை வழித்து எடுத்துவிட்டு, ஆட்டுக்கு வைத்திருந்த வாழைக்காய்த் தோலை அள்ளி உரலில் கொட்டினாள்.

எந்திரத்தை ஓட்டும் ஸியே வேலையில்லாமல் வீட்டு நிழலில் படுத்திருந்தவர், எழுந்து வந்தார். "அப்படி இல்ல, ரொக்கியா. கிழவன் ரெண்டு அடி அடிப்பான், ஒரு மூச்சு விடுவான்."

"அவன்கூட குடும்பம் நடத்துறவரு நீங்கதானே? வந்து நீங்களே இடிங்க!"

ஆம்பளை உலக்கை பிடிப்பதாவது! முற்றமே சிரித்தது. ஸியே சட்டையைக் கழற்றிவிட்டு உலக்கையை வாங்கினார். டம், டம். ஒரு மூச்சு. டம், டம். அழுகை விசும்பலாக இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. "தரை அதிரணும்," என்றார் ஸியே, வியர்வையோடு. "ஒத்தை உரல் பத்தாது."

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதலில் எதிர் வீட்டு உரல் உருண்டு வந்தது, பிறகு மூலை வீட்டு உரல். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து முற்றத்துப் பெண்கள், அமுவானின் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்த் தங்கள் உலக்கைகளோடு திரும்பினார்கள். எல்லாம் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன. அமுவானின் பாதத்துக்கு அடியில் தரை நடுங்கியது. அஹூ ஒரு பெருமூச்சு விட்டாள், வாய் லேசாகத் திறந்துகொண்டது, தூங்கிப்போனாள்.

நிழல் மதிலேறியது. கை மாற்றிக் கை மாற்றி இடித்தார்கள்.

"இப்ப யாருடி முதல்ல நிறுத்துறது?" என்று ரொக்கியா கிசுகிசுத்தாள்.

துணி துவைக்கும் தொட்டியில் சோப்புத் தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் வட்டம் வட்டமாக நடுங்கியது. உலக்கைகள் மறுபடி மேலே எழுந்தன.