வியாழக்கிழமைக் குழாய்கள்

பதியுதீன் ஹாஜியாருக்கு உலகத்தில் ஐந்து வீடுகள். துபாயில், கடலுக்குள் மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவில் ஒன்று. லண்டனில், நிலத்துக்குக் கீழே இரண்டு மாடி ஆழம் தோண்டி நீச்சல் குளம் வைத்த ஒன்று. மெல்பேர்னில் ஒன்று, கொழும்பில் ஒன்று. ஐந்தாவது காத்தான்குடி ஆற்றங்கரையில், வாவியைப் பார்த்தபடி, இருபத்திரண்டு அறைகளோடும் பதினான்கு குளியலறைகளோடும் நிற்கிறது. கட்டி முடித்து ஒன்பது வருடமாகிறது. இன்றுவரை அதற்குள் ஒரு மனிதப்பிறவி தலை சாய்த்ததில்லை.

ஊர்வாய் சும்மா இருக்குமா? தரையெல்லாம் இத்தாலிக் கல்லாம், மேலே போக இரண்டு லிஃப்ட்டாம், குழாயெல்லாம் தங்கமாம். காவலுக்கு இருக்கும் நௌஷாட்டிடம் கேட்டால் உண்மை தெரியும். கல் இத்தாலிதான், லிஃப்ட்டும் இரண்டுதான், குழாய் மட்டும் பித்தளை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பதினான்கு குளியலறைக் குழாய்களையும் பத்துப் பத்து நிமிடம் திறந்துவிடுவது அவருடைய வேலை. திறக்காவிட்டால் தண்ணீர் துருவேறி வரும், தண்ணீர் போகும் பொந்துக்குள்ளால் நாற்றம் கிளம்பும். ஆளில்லாத வீட்டையும் ஆள் இருப்பதாக நம்பவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வித்தை நௌஷாட்டுக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருடம் சவூதியில் ஒரு மாளிகையில் டிரைவர். அங்கே எஜமான் ஏறாத ஆறு கார்கள் இருந்தன. பெட்டரி செத்துப்போகாமல் இருக்க, வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொன்றாய் எடுத்து வெறும் ரோட்டில் ஓடிவிட்டு வருவார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் முப்லிஹாவுக்கு மூன்றறை வீடு கட்டிச் சீதனமாய் எழுதிக் கொடுத்தார். எங்கள் பகுதியில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். கட்டிய தகப்பன் மெல்லப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வார்.

நௌஷாட் பின்பக்கம் அல்ல, ஒரேயடியாய் ஒதுங்கிவிட்டார். மனைவி மௌத்தான பிறகு, கொடுத்த வீட்டில் குந்தியிருந்து மருமகன் உழைப்பில் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன் வேலை கிடைத்ததும் ஹாஜியாரின் கேட்டடிக் காவலறைக்கு வந்து சேர்ந்தார். முப்லிஹா தினமும் பகல் சாப்பாட்டோடு வருவாள். தினமும் ஒரே கதைதான்.

"வாப்பா, ஒங்கட அறை சும்மாதான் கிடக்கு. வாங்களன்."

"வாறன் மகள், வாறன்" என்பார். போகமாட்டார். வறட்டு ரோசம் என்று ஒன்று உண்டே, அதற்கு வயது ஏற ஏறத்தான் பலம் கூடுகிறது.

இந்தத் தடவை ஹாஜியார் வந்தது வேறு விதமாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஹோட்டலில் தங்குவார், வீட்டைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது ஒற்றைப் பையோடு வந்து நேரே காவலறைக்குள் நுழைந்தார். எழுபத்தொரு வயது. மனைவி போய் இரண்டு வருடம்.

"எனக்கு இதில ஒரு கட்டில் போதும் தம்பி" என்றார்.

நௌஷாட் திகைத்துப்போனார். "என்ன ஹாஜியார் இது? அங்கால இருபத்திரண்டு அறை கிடக்கு."

"அது மகள்ர பேருக்கு எழுதிக் குடுத்த வீடு. மகள் கால் வைக்காத வீட்டில வாப்பா போய்ப் படுக்கிறதா? அவள் வரட்டும். திறந்து, பிஸ்மி சொல்லி உள்ள போய், ஒரு பால் காய்ச்சட்டும். மறுகா பாப்பம்."

மகள் ஷஸ்னா துபாயில் பிறந்து லண்டனில் படித்தவள். கல்யாணமும் அங்கேயே ஒரு ஹோலில் முடிந்துவிட்டது. புருஷனோடு அங்கேயே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், இரண்டறையில் வாடகைக்கு இருக்கிறாளாம். அவள் பிறந்த வருடம் வாங்கிய காணி இது. அவள் வயது ஏற ஏற ஹாஜியாரின் மனதில் அறைகளும் ஏறின. இத்தனை வருடமும் வராதவள் இந்தப் புதன்கிழமை வருவதாய்ச் சொல்லியிருந்தாள். பாசிக்குடா ஹோட்டலில் தங்கியிருந்து, பகலில் வந்து பார்த்துவிட்டுப் போவாளாம்.

அந்த ஒரு வாரமும் ஹாஜியார் பட்ட பாட்டை நௌஷாட் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பால்சட்டி ஒன்றைத் தானே மார்க்கட்டுக்குப் போய், தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிவந்தார். அடுப்பை மூன்று தடவை பற்றவைத்துப் பார்க்கச் சொன்னார், தான் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு. உலகம் முழுக்க வீடு வைத்திருக்கிற மனிதர், தன்னுடைய குசினி எப்படி இருக்கிறது என்று இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் வாயால் ஒருமுறை சொல்லியும்விட்டார்: "அவள் 'இது என்ட வீடு வாப்பா' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும் தம்பி. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

புதன்கிழமை பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து இருவரும் காத்திருந்தார்கள். வேன் வந்தது. ஷஸ்னா இறங்கி வாப்பாவைக் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை, முகத்தில் ஒரு கர்வமும் இல்லை. நௌஷாட்டுக்கும் ஸலாம் சொன்னாள். ஹாஜியார் வெள்ளை லேஞ்சித் துணியில் சுற்றிவைத்திருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

கதவைத் திறந்து அவள் உள்ளே போனாள். ஹாஜியார் படியிலேயே நின்றார். பால்சட்டியை ஏந்திக்கொண்டு நௌஷாட் அவருக்குப் பின்னால் நின்றார். உள்ளே அவள் நடக்கும் சத்தம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய், மேலே ஏறி, தேய்ந்து, கேட்காமலே போய்விட்டது. ஹாஜியார் காதைக் கதவுப்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் கழித்து அவள் திரும்பி வந்தாள்.

"நல்ல வடிவு வாப்பா. எங்கட எல்லா வீட்டையும் விட வடிவு."

"பாலக் காய்ச்சு மகள். அடுப்பெல்லாம் ரெடி."

"எனக்கு டீ வேணாம் வாப்பா. வாற வழியில குடிச்சிட்டுத்தான் வந்த" என்றாள்.

டீ இல்லை பிள்ளை என்று சொல்ல நௌஷாட்டின் வாய் துடித்தது. ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவே அவர் யார்? அவள் படியில் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு நீளக் கவரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வாப்பாக்கு ஒரு பரிசு. கொழும்பில லோயரக் கொண்டு எழுதினது. இந்த வீட்ட ஒங்கட பேருக்கே மாத்திட்டன். இனி இது ஒங்கட வீடு. நீங்க ஆசப்பட்டுக் கட்டின, நீங்களே சந்தோஷமா இருங்க."

அவள் முகம் மலர்ந்திருந்தது. உண்மையிலேயே பெரிய பரிசு ஒன்றைத்தான் கொடுப்பதாய் அவள் நினைத்திருந்தாள். கொடுத்த சீதன வீட்டைப் பெண் திருப்பிக் கொடுப்பதென்றால், எங்கள் ஊரில் அது வாழ்க்கை முறிந்த வீட்டில் நடக்கிற காரியம் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொல்லியிருக்க வேண்டியவர் வீடு கட்டுவதில் மும்முரமாய் இருந்துவிட்டார்.

ஹாஜியார் கவரைத் திறக்கவில்லை. "இதில என்ன குறை மகள்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல வாப்பா. பெருசு, அவ்வளவுதான். துபாய் வீட்டில உம்மா எந்த அறையில எண்டு போன் எடுத்துக் கேட்டுத்தானே நான் வளந்த. இப்ப இருக்கிறது ரெண்டறை. கூப்பிட்டா அவருக்குக் கேக்கும். எனக்கு அது போதும்."

ஒரு மணித்தியாலம் கதைத்தாள். வாப்பாவின் மருந்துகளை எடுத்துப் பார்த்தாள், லண்டனுக்கு வரச்சொன்னாள், வாவியைப் பின்னால் விட்டுப் படம் பிடித்தாள். பிறகு வேன் ஏறிப் போய்விட்டாள். சாவி படியிலேயே கிடந்தது.

மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து ஹாஜியார் மறுபடியும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். நௌஷாட் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"இப்ப ஒங்கட வீடுதானே ஹாஜியார். உள்ளுக்குப் போய்ப் படுங்களன்."

"எனக்கெண்டு கட்டல்ல தம்பி. எனக்கெண்டா ரெண்டறைதான் கட்டியிருப்பன்." கவரைத் தடவிக்கொண்டே, "திருப்பித் தந்திட்டாளே" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நௌஷாட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

காவலறை மேசையில் முப்லிஹா பகல் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது. இன்றைக்கும் கேட்டாள், இன்றைக்கும் 'வாறன்' என்றுதான் அனுப்பினார். ஒரு பிள்ளை நான்கு வருடமாய் நீட்டிக்கொண்டிருக்கிற கையைத் தானும் ஒவ்வொரு பகலும் தட்டிவிட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அவருக்குத் தன் மீதே கோபம் வந்தது. பாத்திரத்தைக் கழுவினார். சாரனையும் சேர்ட்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்க தம்பி?"

"மகள்ர வீட்ட ஹாஜியார். இனி ராவைக்கு அங்கதான். நீங்களும் வாங்க, இருக்கிறதச் சாப்பிடுவம். விடிய நான் வேலைக்கு வருவன்தானே."

ஹாஜியார் அவரையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு கணம் எழும்பப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நீ போ. கூப்பிடுற பிள்ளைட்டப் போ. விடியவும் வரத் தேவையில்ல. சம்பளம் வீடு தேடி வரும்."

"அப்ப வீட்ட ஆர் பாக்கிற?"

"நான் இருக்கன்."

மெல்ல எழும்பி வந்து, நௌஷாட்டின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்காகக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுப்பதைத் தவிர நௌஷாட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. ஹாஜியார் அதை வாங்கிக்கொண்டு, காவலறை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில், கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வாவிப் பக்கமிருந்து மஃரிபுக்கு முந்திய அந்திக் காற்று வந்துகொண்டிருந்தது.

நௌஷாட் கேட்டைத் தாண்டி நான்கு எட்டு வைத்திருப்பார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நாளைக்கு வியாழக்கிழமையெல்லா? அந்தக் குழாயெல்லாம் எத்தின நிமிஷம் திறக்கிற?"

"பத்து நிமிஷம் ஹாஜியார்" என்றார் நௌஷாட், திரும்பிப் பார்க்காமல். "மேல் மாடியில இருந்து தொடங்குங்க."