பதினேழாம் பக்கத்தில் தொடங்கும் புத்தகம்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், திரும்பி வராத ஒரு புத்தகம். முந்நூறு பிரதிகள் தப்பாகப் போயின. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது திரும்பி வந்தன. வராத அந்த ஒன்றையே யோசித்துக்கொண்டிருந்து, சரி, எழுதியே தொலைப்போம் என்று நோட்டைத் திறந்தேன்.

நான் எழுத்தாளன் இல்லை. [இதை எடுத்துவிடலாமா? எல்லா எழுத்தாளர்களும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.] சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில், புத்தகம் கட்டும் ஒரு பட்டறையில் பாரம் அடுக்குகிறேன். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். அதுதான் ஒரு பாரம். முதல் பாரத்தை எடுத்து, அதன்கீழ் இரண்டாவதை வைத்து, தட்டி நேராக்கித் தையலுக்குத் தள்ள வேண்டும். எங்கள் வேலையில் ஒரே விதிதான்: அடுக்குகிறவன் வாசிக்கக் கூடாது. கண் வாசிக்க ஆரம்பித்தால் கை தன் புத்தியை இழந்துவிடும்.

நான் வாசித்தேன். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அன்று மின்விசிறி வேகமாகச் சுற்றியது. மேசைமேல் இருந்த பாரங்கள் பறந்து இடம் மாறி—"

அடித்துவிட்டேன். முந்நூறு பாரம் சேர்ந்தால் என்ன கனம் தெரியுமா? அதைக் கிளப்ப ராக்கெட்தான் வேண்டும்.

இரண்டாவது:

"பட்டறையில் தூங்குமூஞ்சி ஒருவர் இருந்தார். அன்று மதியம் அவர்தான்—"

அப்படி ஒருவர் எங்கள் பட்டறையில் கிடையாது. பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமென்று நானே உண்டாக்கியவர். இரண்டு பக்கம் எழுதியதும் அவர்மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. [வேறு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். தூங்கட்டும்.]

ஆக, மூன்றாவது தொடக்கத்தில் நான்தான் நிற்கிறேன்.

3

இந்த ஊரில் பேசுவது தமிழ் இல்லை. இந்த ஊர் மொழியை நான் குழந்தைகள் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டேன், அதிலும் முக்கால்வாசி விண்வெளிப் புத்தகங்கள். எங்கள் பட்டறைக்கு அவைதான் அதிகம் வரும். அதனால் மருந்துக்கடை என்ற சொல் தெரிவதற்கு முன்பே எனக்கு 'சுற்றுப்பாதை' தெரியும். ஒருமுறை தலைசுற்றலுக்காக மருத்துவரிடம் போய், "என் தலை எடையற்ற நிலையில் இருக்கிறது" என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

[கதையில் எல்லோரும் தமிழில்தான் பேசப்போகிறார்கள். என் கதையில் அந்த வசதி உண்டு.]

அன்று வந்த புத்தகத்தில் கட்டைமுடி வைத்த ஒரு விண்வெளி வீராங்கனை. முப்பத்திரண்டு பக்கம், இரண்டு பாரம். முதல் பாரத்தில் தலைப்பு, பயிற்சி, சுழல்நாற்காலியில் வாந்தி, ராக்கெட். பதினாறாம் பக்கத்தில் ஜன்னல் வழியே கீழே பார்க்கிறாள். 'எது தன் வீடு என்று தெரியவில்லை. இருந்தாலும் கையை ஆட்டினாள்' என்று எழுதியிருக்கும். இரண்டாம் பாரத்தில், சுவரில் கட்டிய பையில் தூங்குகிறாள், பூமிக்கு இறங்குகிறாள், நிற்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிவருகிறார்கள், கடைசியில் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொள்கிறாள்.

நான் மாட்டிக்கொண்டது இருபத்தைந்தாம் பக்கத்தில். வீடு திரும்பியவள் காபி குடித்துக்கொண்டே பேசுகிறாள். பேச்சு மும்முரத்தில் கோப்பையைக் காற்றில் விட்டுவிடுகிறாள். அங்கே மிதக்கும் அல்லவா? அந்தப் பழக்கம். கோப்பை விழுந்து உடைகிறது. எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது. இரண்டாம் பாரக் கட்டை, கனத்தையும் பார்க்காமல், அப்படியே தூக்கிக்கொண்டு போய், மூன்று முறை வாசித்தேன். திரும்பி வந்து அதை மேசையின் இடது பக்கம் வைத்தேன். இடது பக்கம் முதல் பாரத்தின் இடம், முதல் பாரம் வலது பக்கம் போய்விட்டது. அப்புறம் கை பாட்டுக்கு அடுக்கியது. முந்நூறு.

4

தைப்பது அக்கா.*

* வயதில் மூத்தவரானாலும் இந்த ஊரில் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு 'ஊசி' என்று பெயர். வாயில் அப்படியே சொல்லிவிடுவேன், தமிழில் எழுதும்போது கை வரவில்லை.

அக்காவுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே தைத்தவர். சரிபார்க்கும் மேசையில் ஒரு நாற்காலி காலியாகப் போகிறது, அது அவருக்குத்தான் என்று பேச்சு. அதற்காக அக்கா ஒரு பஞ்சு மெத்தைகூட வாங்கி வைத்திருந்தார்.

கடைகளிலிருந்து முதல் பெட்டி செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் ஒரு பிரதியைத் திறந்தார். அவர் ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் வைத்திருப்பார், நெற்றிக்கண்ணாடியை இறக்கினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். இறக்கினார்.

"பதினேழாம் பக்கத்துல ஆரம்பிக்குது. தலைப்பு நடுவுல வருது. என்ன இது, படம் ஆரம்பிச்சு அரை மணி நேரம் கழிச்சு பேர் போடுற மாதிரி?"

அக்கா பக்கம் திரும்பினார்.

"பாரத்தோட முதுகுல கறுப்புக் குறி எதுக்கு இருக்கு? வரிசை தப்புனா தைக்கிறவங்களுக்குத் தெரியணும்னுதானே? இதையே பாக்காதவங்கள எப்படிம்மா நான் செக்கிங்ல உக்கார வைக்கிறது?"

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. [இந்த வரிக்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் சமாதானம் எழுதியிருந்தேன். வேலை போனால் என்ன, விசா என்ன ஆகும் என்றெல்லாம். கிழித்துவிட்டேன். வரி அப்படியே நிற்கட்டும்.]

5

வியாழக்கிழமை புத்தகத்தை எழுதிய அம்மாவே பட்டறைக்கு வந்துவிட்டார். மழைக்கோட்டைக் கழற்றாமலே ஒரு பிரதியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார்.

இந்த இடத்தில், "அவர் சிரித்தார். 'இப்படியும் நல்லாத்தான் இருக்கு' என்றார்" என்று எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் பொய். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாலு வருஷம் எழுதினேன் இத. யாரு பண்ணினது?"

மேற்பார்வையாளர் அக்கா பக்கம் கையை நீட்டினார். முழுதாக நீட்டவில்லை, பாதிதான். அந்தப் பாதிக்குள் நான் பேச வேண்டியிருந்தது.

குற்றத்தை ஒப்புக்கொள்ள இந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்த புத்தகங்களில் ஒரே ஒரு வகைதான் இருந்தது. அது வந்துவிட்டது.

"கட்டுப்பாட்டு அறை, கட்டுப்பாட்டு அறை! கோளாறு என் பக்கம். திரும்பச் சொல்கிறேன், கோளாறு என் பக்கம்."

மூலையில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு எல்லோரும். எழுதிய அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"டேய்!" என்றார் அக்கா. "ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே டீ குடிச்சியே! தொண்டையில எறங்குச்சா உனக்கு?"

"எறங்கலக்கா."

"பொய் சொல்லாத. நேத்து ரெண்டு கப் குடிச்ச."

"சரி, எப்படிப்பா மாறுச்சு?" என்றார் மேற்பார்வையாளர்.

"வாசிச்சுட்டேன் சார்."

அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஒருவரைத் தவிர.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் எழுதிய அம்மா.

சொன்னேன். ஏன் அந்தப் பக்கம் என்றார். நாலு வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று நான் கேட்டதைச் சொன்னேன். "அண்ணா, இது நம்ம வீடு. தண்ணிக்குக்கூட மனு போடணுமா?" என்று தங்கச்சி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து 25 என்று எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு, "எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவ்வளவுதான். [இதற்கு மேல் அவரைப் பேசவைக்க நான் முயலவில்லை. கோபமாக வந்தவர், கோபம் கொஞ்சம் குறைந்து போனார். எனக்கு அது போதும்.]

6

தண்டனை: அட்டையைப் பிரித்து, நூலை வெட்டி, பாரத்தை மாற்றி, மறுபடி கட்டித் தர வேண்டும். சனிக்கிழமைகளில், நான் மட்டும்.

முதல் சனிக்கிழமை போனால் அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், பஞ்சு மெத்தையோடு.

"நீங்க எதுக்குக்கா?"

"குறிய நானும் பாக்கலதானே? ஊசியத்தான் பாத்தேன். பேசாம நூலை வெட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, அப்படி என்னதான்டா இருக்கு அதுல? படி பாப்போம்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை லட்சம் புத்தகம் தைத்திருப்பார். ஒன்றில்கூட என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கையில் இருந்த பிரதியை வாசித்தேன். தப்பான பிரதி. அப்படியே, பதினேழிலிருந்து. நான் உச்சரிப்பில் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் தூக்கிவிட்டார். கோப்பை உடைந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"யாரு பெருக்கினா?"

"அது எழுதலக்கா."

"எப்படி எழுதுவாங்க! பெருக்குறவங்கள யாரு எழுதுறா? சரி, மேல படி."

கட்டிலில் படுத்தாள். பக்கத்தைத் திருப்பினால் தலைப்பு. பயிற்சி. ராக்கெட். ஜன்னல். கையை ஆட்டினாள். அட்டை.

"இப்பத்தானேடா வந்தா. மறுபடி கெளம்பிட்டாளா?"

"வரிசை மாறிடுச்சுல்லக்கா. நெசத்துல—"

"எனக்குத் தெரியாதா? நாந்தான் தைச்சேன்." நூலைக் கடித்துத் துப்பினார். "பரவால்ல. நல்லாத் தூங்கிட்டுத்தானே போறா."

ஏழு சனிக்கிழமைகள் ஆயின. அக்காவுக்கு நாற்காலி கிடைத்தது. [இதையும் சந்தேகப்படாதீர்கள், நிஜமாகவே கிடைத்தது.] உட்கார்ந்த முதல் நாள் என் அடுக்கை மட்டும் மூன்று முறை சரிபார்த்தார். நாலாவது முறை வேண்டுமென்றே, நான் பார்க்கும்படி.

7

இப்போது, திரும்பி வராத அந்த ஒன்று.

அதை வைத்திருக்கும் குழந்தையை எழுதிப் பார்த்தேன். 'பல் விழுந்த ஒரு சிறுமி, மாடிப்படியில் உட்கார்ந்து—' வரவில்லை. 'காய்ச்சலில் படுத்திருக்கும்—' சே, அழவைக்கப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது.

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில், அந்தக் குழந்தையின் அப்பா தப்பைக் கண்டுபிடித்து அனுப்பிவைக்கிறார். புத்தகம் அக்காவின் மேசைக்கு வருகிறது. நெற்றியில் கண்ணாடி இல்லாமலே அக்கா அதை அடையாளம் கண்டுகொண்டு, "டேய், முந்நூறாவது!" என்று கத்துகிறார். மற்றதில், புத்தகம் வரவே இல்லை. அந்தக் குழந்தை, விண்வெளிக்காரர்கள் முதலில் வீட்டுக்கு வருவார்கள், கோப்பையை உடைப்பார்கள், நன்றாகத் தூங்குவார்கள், அதற்குப் பிறகுதான் கதைக்குப் பேர் வைத்துக் கிளம்புவார்கள் என்று நம்பியே வளர்கிறது.

எது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு விடுமுறை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். நாற்பது நாள். "வா, வா, தண்ணிப் பானைய வாசல்லயே வைக்கிறேன்" என்கிறாள் தங்கச்சி. அப்புறம் திரும்பி வருவேன். சரிபார்க்கும் மேசையில் ஒருவர் காத்திருக்கிறார். இதில் எது போவது, எது வருவது என்று அடுக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு பாரத்தையும் உங்கள் மேசைமேல் வைத்துவிட்டேன். எது மேலே, எது கீழே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்துக்கொண்டே அடுக்கினால் தப்பு வரும்.

வரட்டும்.